பொன் தாங்கும் பாறை

இராபர்ட் புரூஸ் ஃபுட் என்றதும் நம் நினைவுக்கு வருவது பல்லாவரத்துக் கற்கோடரியே. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அவர் கண்டெடுத்த அக்கல், இந்தியப் பழங்கற்கால ஆய்வுக்கு வாயில் திறந்தது. ஆனால், அவர் ஊதியம் பெற்றது கோடரிகளைத் தேடுவதற்காக அன்று. பாறைகளை ஆராய்ந்து அவற்றின் கனிம வளத்தைக் கண்டறிவதற்காகவே.

இங்கிலாந்தில் 1834இல் பிறந்த ஃபுட், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். வில்லியம் கிங் என்பாருடன் சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளை ஆராய்ந்து, 1864இல் அறிக்கை வெளியிட்டார். இன்று தருமபுரி மாவட்டத்திலுள்ள காரிமங்கலம் அன்று சேலம் மாவட்டத்து ஊரே. இவ்வட்டாரத்தில் பெரிதும் காணப்படுபவை நைஸ், சார்னோகைட் ஆகிய தொன்மைப் பாறைகள். வடக்கே கிருட்டிணகிரியைக் கடந்து கோலாரை நோக்கிச் சென்றால் நிலத்தின் இயல்பு மாறுகிறது. கரும்பச்சை நிறப் படலப்பாறை நீண்ட பட்டையாக ஓடுகிறது. அதன் இடையே செல்லும் வெண்ணிறப் படிகக்கல் நரம்புகளில்தான் கோலாரின் பொன் உறைந்திருந்தது.

1880ஆம் ஆண்டையொட்டிப் பொன் வேட்கை பலரை ஆட்டிப் படைத்தது. வயநாட்டில் பொன் எடுப்பதாகக் கூறி இலண்டனில் குழுமங்கள் பல தோன்றின. மக்கள் பணத்தைக் கொட்டினர். சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை சரிந்தன. ஓடை மணலை மரத்தட்டில் அலசினால் பொன்துகள் சில மின்னக்கூடும். அதனாலேயே அவ்விடம் சுரங்கத்துக்கு உரியதாகிவிடாது. பொன் எந்தப் பாறையிலிருந்து வந்தது, அந்நரம்பு எவ்வளவு ஆழம் செல்கிறது என்பனவற்றை அறிந்த பின்னரே முதலீட்டைப் பற்றி எண்ண வேண்டும்.

அவ்வினாக்களுள் முதலாவதற்கு ஃபுட் விடை தேடினார். 1874இலேயே தார்வார்ப் பகுதியின் தம்பல் குன்றுகளில் பொன் தாங்கும் பாறைகளை ஆராய்ந்திருந்தார். பின்னர் மைசூர் நாட்டுப் பொன்வயல்களின் குறுக்கே பயணம் செய்தார். எங்கெங்கோ சிதறிக் கிடந்த படலப்பாறைப் பட்டைகள் யாவும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை என்று கண்டு, அதற்குத் தார்வார்த் தொகுதி எனப் பெயரிட்டார். தென்னிந்தியாவில் பொன் தாங்கும் முதன்மைப் பாறைத்தொகுதி அதுவே என்பது அவர் முடிவு. காடு மேடெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, எங்கே தேட வேண்டும் என்பதோடு எங்கே தேட வேண்டா என்பதையும் அது காட்டியது. பிற்காலத்தில் செம்பு எடுக்கப்பட்ட சித்திரதுர்க்கத்து இங்கல்தாலும் அத்தொகுதியில்தான் உள்ளது.

1891இல் ஓய்வுபெற்றபின் பரோடா அரசுக்காக ஆய்வு செய்தார். 1894இல் மைசூர் அரசு நிலவியல் துறையைத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரானார். இறுதிக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்து, தாம் சேர்த்த கற்கருவிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதிவந்தார். அத்திரட்டு சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது. 1912 டிசம்பர் 29ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டுத் தேவாலயத்தில் உள்ளது.