தம் பெயரைத் தாமே நீக்கிய ஆட்டக்காரர்

நம் ஊரில் கிரிக்கெட் எப்படியோ, அப்படி அமெரிக்காவில் பேஸ்பால். ஏப்ரலில் தொடங்கினால் செப்டம்பர் முடிய நடக்கும். லூ கெரிக் ஆடிய காலத்தில் ஒரு கோஷ்டி ஆண்டுக்கு 154 பந்தயம் ஆட வேண்டும். ஏறக்குறைய தினம் ஒரு பந்தயம்.

ஜூலை மாதம் பிறந்தால் பாதிப் பருவம் கழிந்துவிடும். உடனே ஊரெல்லாம் கணக்குப் பார்க்கும். யார் தங்கம், யார் பித்தளை என்று பத்திரிகைகள் எடை போடும். முடிவெட்டும் கடையில்கூட அதே பேச்சுதான். 1933ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு பந்தயம் ஏற்பட்டது. ஜூலை மாதத்தில், எல்லாக் கோஷ்டிகளிலும் உள்ள சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்து, இரண்டு பிரிவாக மோத விடுவார்கள். முதல் இரண்டு ஆண்டு ரசிகர்களே ஓட்டுப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் பந்தயத்தில் 1933 முதல் 1938 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் ஆடியவர் லூ கெரிக். அவரே 1939இல், தாம் இனி ஆட லாயக்கில்லை என்று தீர்ப்புச் சொன்னார். வேறு யாரும் அதைச் சொல்லத் துணியவில்லை.

சமையற்கார அம்மாளின் மகன்

கெரிக் 1903 ஜூன் 19ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான்கு குழந்தைகளில் மூன்று சிறு வயதிலேயே இறந்துவிட்டன. மிஞ்சியது லூ ஒருவர்தான். தகப்பனார் தகட்டு வேலைக்காரர், நோயாளி. தாயார் பிறர் வீட்டில் சமைத்தும் துணி வெளுத்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார். மகன் என்ஜினீயர் ஆக வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை.

கொலம்பியா சர்வகலாசாலையில் லூவுக்கு இடமும் கிடைத்தது. அங்கே மாணவர் விடுதி ஒன்றில் தாயார் சமைத்தார். மகன் சாப்பாடு பரிமாறினார். 1923இல் நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டியின் ஆள் ஒருவர் அவருடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, 1,500 டாலர் முன்பணம் தருவதாகச் சொன்னார். வீட்டிலோ நோயும் பணமுடையும். லூ படிப்பை விட்டார்.

பிப் போனார், கெரிக் வந்தார்

1925ஆம் ஆண்டில் யாங்கீஸ் கோஷ்டி தோல்வி மேல் தோல்வி கண்டது. ஜூன் 2ந் தேதி மானேஜர் ஹக்கின்ஸ் பழைய ஆட்கள் சிலரை உட்கார வைத்தார். அவர்களில் வாலி பிப் ஒருவர். முதல் பேஸில் நிற்பவர். அவர் இடத்தில் கெரிக் நின்றார். அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்த இடத்தை அவர் விடவில்லை. விரல் முறிந்தாலும் ஆடினார். முதுகு பிடித்துக்கொண்டாலும் ஆடினார். இடைவிடாமல் அவர் ஆடிய பந்தயங்கள் 2,130.

மட்டை பிடிப்பதிலும் அவருக்கு இணை சிலரே. இந்த ஆட்டத்தில் நூறு தடவை மட்டை பிடித்து முப்பது தடவை அடித்துத் தப்பினாலே நல்ல ஆட்டக்காரர். கெரிக் 1926 முதல் 1937 வரை ஓர் ஆண்டுகூட முப்பதுக்குக் கீழே போகவில்லை. 1934இல் 36 வந்தது. அந்த ஆண்டில் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தது மட்டும் 49 தடவை.

ஆனால் புகழ் அவரை எளிதில் தேடி வரவில்லை. பக்கத்தில் பேப் ரூத் இருந்தாரே! 1927இல் இருவரும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஒருவரை ஒருவர் முந்தினார்கள். முடிவில் ரூத் 60, கெரிக் 47. சிறந்த ஆட்டக்காரர் பரிசு என்னவோ கெரிக்குக்குத்தான் கிடைத்தது. ரூத் முன்பே அதை வாங்கியிருந்ததால், அந்நாள் விதிப்படி மறுபடி வாங்க முடியாது! 1932 ஜூன் 3ந் தேதி கெரிக் ஒரே பந்தயத்தில் நான்கு தடவை வேலிக்கு அப்பால் அடித்தார். அதே நாளில் மெக்ரா என்ற பெரிய மானேஜர் ஓய்வு பெற்றார். மறுநாள் தலைப்புச் செய்தி மெக்ராதான்.

காரணம் தெரியாத சோர்வு

1938இல் நடுப் பருவத்தில் கெரிக்குக்கு ஒரு சோர்வு வந்தது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை. ஆண்டு முடிவில் கணக்கு முப்பதுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. வயது 35 ஆகிறது, இனி அப்படித்தான் என்றார்கள் பார்த்தவர்கள்.

1939 வசந்தத்தில் நிலைமை இன்னும் மோசம். ஓடினால் கால் பின்னிற்று. பலம் கொண்ட மட்டும் அடித்தாலும் பந்து தூரம் போகவில்லை. எட்டுப் பந்தயங்களில் 28 தடவை மட்டை பிடித்து, நான்கே தடவை அடித்தார். நூற்றுக்குப் பதினான்கு!

மானேஜர் ஜோ மெக்கார்த்திக்கு அவரை நீக்க மனம் வரவில்லை. ஏப்ரல் 30ந் தேதிப் பந்தயத்தில் கெரிக் சாதாரணப் பந்து ஒன்றில் எதிரியை அவுட் ஆக்கினார். சிறுவனும் செய்யக்கூடிய காரியம். அதற்குச் சக ஆட்டக்காரர்கள் அவரை மெச்சினார்கள். அன்புடன்தான் மெச்சினார்கள். ஆனால் ஏச்சை விட அது அவரைச் சுட்டது.

மே 2ந் தேதி டெட்ராய்ட் நகரில் மானேஜரிடம் போய், தம் பெயரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். கோஷ்டித் தலைவர் என்ற முறையில், தம் பெயர் இல்லாத பட்டியலைத் தாமே நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒலிபெருக்கியில் செய்தி கேட்டதும் எதிரியின் ஊர் ஜனங்களே எழுந்து கைதட்டினார்கள். கெரிக் திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணீர் விட்டார். அன்று பார்வையாளர் கூட்டத்தில் வாலி பிப்பும் இருந்தார்.

வைத்தியர்கள் சொன்னது

ஜூன் மாதத்தில் மேயோ ஆஸ்பத்திரியில் பரிசோதனை நடந்தது. அவருடைய 36ஆவது பிறந்த நாளன்று முடிவு தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் வியாதி. மருந்து இல்லை. ஆட்டம் கெட்டுவிட்டது என்று ஜனங்கள் எண்ணிக்கொண்டிருந்த நாளெல்லாம், வியாதி அவருடைய கைகால்களைத் தின்றுகொண்டிருந்தது. அந்த உடம்போடு அவர் எட்டுப் பந்தயம் ஆடியிருக்கிறார்!

ஜூலை 4ந் தேதி யாங்கீ மைதானத்தில் அவருக்குப் பாராட்டு விழா. கூடியவர்கள் 61,808 பேர். பரிசுகளைக் கையில் பிடிக்க வலுவில்லாமல் தரையில் வைத்தார். முதலில் பேசவே வாய் வரவில்லை. பிறகு, தம் பெற்றோரையும் மனைவியையும் தோழர்களையும் நினைத்தால் தாம் கொடுத்து வைத்தவர் என்ற கருத்தில் பேசினார். பல ஆண்டுகளாகப் பேசாமல் இருந்த ரூத் அவரைக் கட்டித் தழுவினார். அவர் அணிந்த 4ஆம் எண் சட்டையை இனி அந்தக் கோஷ்டியில் எவரும் அணிவதில்லை என்று முடிவாயிற்று.

ஒரு வாரம் கழித்து, ஜூலை 11ந் தேதி, அதே மைதானத்தில் சிறந்த ஆட்டக்காரர்களின் பந்தயம். பட்டியலில் கெரிக்கின் பெயரையும் மரியாதைக்காகச் சேர்த்திருந்தார்கள். முதல் பேஸில் நின்றவர் ஹாங்க் கிரீன்பர்க்.

கெரிக் 1941 ஜூன் 2ந் தேதி இறந்தார். பிப்பின் இடத்தில் அவர் நின்ற நாளிலிருந்து சரியாகப் பதினாறு ஆண்டு. அவருடைய 2,130 என்ற கணக்கை 1995இல்தான் கால் ரிப்கன் என்பவர் முறியடித்தார். அமெரிக்காவில் அந்த வியாதியை லூ கெரிக் வியாதி என்றே அழைக்கிறார்கள். மனைவி எலினார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1984இல் இறந்தார். அந்த வியாதிக்கு மருந்து காணும் ஆராய்ச்சிக்கு ஆதரவு தேடுவதே பிற்காலத்தில் அவருடைய வேலையாக இருந்தது.