ஜோர்ஜ் கீட்டும் கியூபிசமும் (1901 – 1993)

இலங்கையின் நவீன ஓவியக் கலையில் முக்கிய இடம்பெறுபவர் ஜோர்ஜ் கீட். இவர் 1901 ஏப்ரல் 17 ஆம் திகதி நமது மத்திய மாகாணத்தின் கண்டி நகரில் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தார். திரினிட்டி கல்லூரியில் கல்வி கற்றார். ஆங்கிலச் சூழலில் வளர்ந்தபோதும் மல்வத்தை விகாரைப் பிக்குகளுடன் பழகி, பௌத்த சமயத்தை ஆர்வத்துடன் கற்றார். பின்னர் இந்து புராணங்களிலும் ஈடுபாடு கொண்டார். ஓவியக் கல்லூரி எதிலும் பயிலாத இவர், ஏறத்தாழ 26 ஆவது வயதிலேயே ஓவியம் தீட்டத் தொடங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் கண்ணால் காண்பதை அப்படியே வரைவதே சிறந்த ஓவியம் எனக் கருதப்பட்டது. புகைப்படக் கலைஞரான லயனல் வென்டின் நட்பு கீட்டுக்கு ஐரோப்பிய நவீன ஓவியங்களை அறிமுகப்படுத்தியது. அவற்றுள் கியூபிசம் அவரைப் பெரிதும் கவர்ந்தது.

கியூபிசம் என்றால் என்ன? மாணவர்களே, ஒரு லயத்தை நினைத்துப் பாருங்கள். மேட்டிலிருந்து பார்த்தால் தகரக் கூரை தெரியும். கீழ்ப் பாதையில் நின்றால் இஸ்தோப்பும் கதவுகளும் தெரியும். இவ்விரு காட்சிகளையும் உடைத்து ஒரே படத்தில் சேர்த்து வரைந்தால் எப்படியிருக்கும்? ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து ஒரே நேரத்தில் காட்டுவதே இப்பாணியின் அடிப்படை. பிரான்சில் 1907 அளவில் பிக்காசோவும் பிராக்கும் இதனை உருவாக்கினர். இயற்கை வடிவங்களைக் கேத்திர கணித வடிவங்களாக நோக்கிய செசான் இவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தார். 1912 வரையான பகுப்பாய்வுக் கட்டத்தில் உருவங்கள் சிறு தளங்களாக உடைக்கப்பட்டன. சாம்பல், கபில நிறங்களே மிகுந்திருந்தன. அடுத்து வந்த தொகுப்புக் கட்டத்தில் பத்திரிகைத் துண்டுகளும் வண்ணக் கடதாசிகளும் ஒட்டப்பட்டன.

கீட் பிக்காசோவைப் பின்பற்றினார் என்று ஒரே வரியில் விடையை முடித்துவிடும் மாணவர் பலர். அது அரைகுறை விடை. முகத்தின் பக்கத் தோற்றத்தையும் முன்தோற்றத்தையும் இணைத்தல், உடலைத் தளங்களாகப் பிரித்தல் ஆகியவற்றைக் கீட் கியூபிசத்திலிருந்து பெற்றார். ஆனால் பிக்காசோவும் பிராக்கும் கிற்றாரையும் போத்தலையும் உடைத்து வரைந்தபோது, கீட் வரைந்தது ராதையையும் கண்ணனையும், காதலரையும், கிராமப் பெண்களையுமே. அவரது தடித்த வளைகோடுகளில் சீகிரிய ஓவியங்களினதும் இந்தியச் சிற்பங்களினதும் சாயல் தெரிகின்றது. நிறங்களும் மங்கலானவை அல்ல. சிவப்பும் மஞ்சளும் பளிச்சிடும். 1943 இல் வரைந்த 'பீமனும் ஜராசந்தனும்' இதற்கு நல்ல உதாரணம். மல்யுத்தம் செய்யும் இருவரின் கைகால்களும் பின்னிப் பிணைந்துள்ளன. மகாபாரதக் கதை தெரிந்த நமக்கு, இரண்டாகக் கிழிக்கப்படும் ஜராசந்தனை உருவங்களை உடைக்கும் பாணியில் வரைந்தது எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும்.

1939 – 1940 இல் பொரளை கோதமி விகாரையில் புத்தரின் வாழ்க்கையைச் சுவரோவியங்களாகத் தீட்டினார். அங்கு கியூபிசத்தைவிடக் கோட்டின் அழகே மேலோங்கி நிற்கின்றது. இடத்துக்கேற்பப் பாணியை மாற்றத் தெரிந்தவரை வெறும் பிரதிபண்ணுபவர் என்று கூறுவது நியாயமல்ல.

1943 ஓகஸ்ட் 29 இல் வென்டின் இல்லத்தில் '43 குழு' உருவானது. ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, மஞ்சுசிறி முதலியோருடன் கீட்டும் அதில் அங்கம் வகித்தார். மறு ஆண்டே வென்ட் காலமானபோதும் குழு தொடர்ந்து இயங்கியது. (ஆண்டையும் உறுப்பினர் பெயர்களையும் மனனம் செய்க.)

கீட் கவிஞருமாவார். ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சித்திரங்களும் வரைந்தார். இந்தியாவிலும் சில காலம் வாழ்ந்து ஓவியம் தீட்டினார். 1993 யூலை 31 இல் காலமானார். கொழும்பில் ஹரி பீரிசின் இல்லமாக இருந்த சபுமல் மன்றத்தில் 43 குழுவினரின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கொழும்புக்குச் சுற்றுலா செல்லும்போது பொரளை விகாரையையும் இம்மன்றத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.