மண்ணுள் வேடரைக் கண்டவர்

நீர் பாய்ச்சியும் எருவிட்டும் தக்காளிச் செடி வாடி நிற்கிறது. உழவர் அதனைப் பிடுங்கிப் பார்க்கிறார். வேரெங்கும் மணிமணியாக முடிச்சுகள். அவற்றுள் நூற்புழுக்கள் குடியிருந்து செடியின் சாற்றை உறிஞ்சுகின்றன. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத இப்புழுக்களைக் கையாற் பொறுக்குதல் இயலாது. மண்ணுக்குள் மறைந்திருத்தலின் மேலே மருந்து தெளிப்பதும் பயன் தராது. ஆனால், அம்மண்ணிலேயே இவற்றை வேட்டையாடி உண்ணும் பூஞ்சைகள் உள்ளன. அவ்வேட்டையின் வகைகளை விரிவாக ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் சார்லஸ் டிரெக்ஸ்லர்.

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் பட்டர்நட் என்னும் சிற்றூரில் 1892-ஆம் ஆண்டு மே திங்கள் முதல் நாள் இவர் பிறந்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கற்றுத் தேறி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1917-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியேற்று, 1962-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே உழைத்தார். புல்லினப் பயிர்களைத் தாக்கும் பூஞ்சைகளைப் பற்றி 1923-இல் இவர் வெளியிட்ட ஆய்வு இவருக்குப் பெரும்புகழ் தந்தது. பட்டாணியின் வேரழுகலுக்குக் காரணமான நுண்ணுயிரை 1925-இல் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து விளக்கினார்.

வேரழுகல் ஆராய்ச்சியே இவரை வேடரிடம் கொண்டு சேர்த்தது. அழுகிய வேர்த்துண்டுகளைக் கண்ணாடித் தட்டிலுள்ள அகர்க் கூழின்மேல் வைத்து, நோய்க் காரணியை வளர்த்தெடுப்பது அவ்வாராய்ச்சியின் முறை. வேரோடு வந்த நூற்புழுக்களும் அக்கூழிற் பெருகிவிடும். ஆராய்வோர்க்கு அவை தொல்லையே. அத்தகைய தட்டு பழுதாயிற்றென்று கழுவி வைத்துவிடுவோர் பலர். டிரெக்ஸ்லர் கழுவவில்லை. நாள்தோறும் நுண்ணோக்கியில் வைத்து நோக்கினார். துள்ளித் திரிந்த புழுக்கள் சில நாட்களில் ஒவ்வொன்றாக அசைவற்றுப் போயின. அவற்றின் உடலுக்குள் பூஞ்சை இழைகள் நிறைந்திருந்தன.

இவருக்கு முன்னரே, 1888-இல், ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் சோப் என்பவர் ஒரு பூஞ்சையின் வளையங்களிற் புழு சிக்குவதைக் கண்டு எழுதியிருந்தார். அஃது ஏதோ ஓர் அரிய விந்தையெனவே பலரும் எண்ணினர். 1930-களில் டிரெக்ஸ்லர் அடுத்தடுத்து வெளியிட்ட கட்டுரைகள் அவ்வெண்ணத்தை மாற்றின. மட்கிய இலைகளிலும் அழுகிய வேர்களிலும் இவர் தேடிய இடமெல்லாம் வேடர் இருந்தனர்.

அவ்வேட்டையின் வகைகள் வியப்பூட்டுவன. ஒருவகைப் பூஞ்சை, பசை பூசிய வலையைப் பின்னிவைக்கும். தொட்ட புழு ஒட்டிக்கொள்ளும். மற்றொருவகை, சிறு காம்புகளின் நுனியிற் பசையுருண்டைகளை ஏந்தி நிற்கும். மூன்றாவது வகையோ சுருக்குக் கண்ணி வைப்பது. மூன்று உயிரணுக்கள் வளைந்து ஒரு வளையமாகும். வழியறியாப் புழு அதனுள் தலையை நுழைக்கும். உட்புறத்தில் உராய்ந்ததும் மூன்று உயிரணுக்களும் ஒரு நொடியிற் பத்திலொரு பங்கு நேரத்தில் உப்பி, அதனை இறுக்கிப் பிடிக்கும். பின்னர் இழைகள் உடலைத் துளைத்து உட்புகுந்து உண்ணும். முயலுக்குக் கண்ணி வைப்பவன் இதைவிடத் திறமாக யாது செய்வான்? புழு நடமாட்டத்தை உணர்ந்த பின்னரே வலை பின்னும் பூஞ்சைகளும் உண்டு.

இவற்றையெல்லாம் டிரெக்ஸ்லர் தம் கையாலேயே வரைந்தார். 1937-இல் வெளிவந்த இவரது பெருங்கட்டுரை நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது.

அதே ஆண்டில் ஹவாய்த் தீவிலுள்ள அன்னாசி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லின்ஃபோர்டு என்பவர், இவ்வேடரைப் பயிர்க்காவலுக்கு ஏவ இயலுமா என ஆராய்ந்தார். நறுக்கிய அன்னாசித் தழையை மண்ணிற் புதைத்தார். தழை மட்கவே, பயிருக்குத் தீங்கு செய்யாத நூற்புழுக்கள் பெருகின. அவ்விரையால் அவற்றின் பகைவரும் பெருகினர். வேர்முடிச்சுப் புழுக்கள் குறைந்தன. உழவருக்கு இது நற்செய்தியன்றோ!

ஆனால், 1943-இல் அதே நிலையத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. மண்ணிற் செலுத்தினால் ஆவியாய்ப் பரவிப் புழுக்களை விரைவிற் கொல்லும் மலிவான இரசாயனக் கலவை ஒன்று கண்டறியப்பட்டது. தழை மட்கும்வரை யார் காத்திருப்பர்? பூஞ்சை, வயலுக்கு வயல் ஒரே பயன் தருவதுமில்லை. மண்ணில் முன்பே வாழும் உயிர்கள் புதியவற்றை எளிதில் நிலைக்க விடா. புழுவை விடுத்து மட்கையே உண்டு வாழும் இயல்பும் வேடருக்கு உண்டு. ஆகவே பலரும் இரசாயனத்தையே நாடினர். டிரெக்ஸ்லரோ தம் கண்ணாடித் தட்டுகளை விட்டு அகலவில்லை. புதிய இனங்களைக் கண்டு வரைந்துகொண்டேயிருந்தார்.

1955 முதல் விற்பனையான டைபுரோமோகுளோரோபுரோப்பேன் என்னும் புழுக்கொல்லியைச் செய்த தொழிலாளர் பலர் மகப்பேற்றுத் திறனை இழந்தமை 1977-இல் வெளிப்பட்டது. 1979-இல் அமெரிக்க அரசு அதனை ஏறத்தாழ முற்றிலும் விலக்கியது. ஹவாய் அன்னாசித் தோட்டங்களில் மட்டும் 1985 வரை அது நீடித்தது. பூஞ்சைகளின்பால் அறிஞர் நாட்டம் மீண்டும் திரும்பியது. இன்று நம் நாட்டில் தொழுவுரத்தோடு கலந்து நிலத்தில் இடப்படும் பர்புரியோசில்லியம், பொக்கோனியா என்னும் பூஞ்சைகள் கண்ணி வைப்பன அல்ல. புழுவின் முட்டைகளைத் துளைத்து உண்பவை. ஆயினும் அவையும் மண்வாழ் பூஞ்சைகளே.

டிரெக்ஸ்லர் 1986-இல் தம் தொண்ணூற்று மூன்றாம் வயதிற் காலமானார். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்திற்குத் தலைமை தாங்கிய சி. வி. சுப்பிரமணியன், 1960-களில் பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்கு இவர் நினைவாக டிரெக்ஸ்லரெல்லா எனப் பெயர் சூட்டியிருந்தார். சுருக்குக் கண்ணியால் புழுவைப் பிடிக்கும் பூஞ்சைகளை இன்று அறிஞர் அப்பெயராலேயே வழங்குகின்றனர்.