ரயிலை நேசித்த இசைமேதை

மேற்கத்திய சங்கீதம் என்றாலே கோட்டு சூட்டு போட்டவர்கள் சமாச்சாரம், நோட்டு படிக்கத் தெரிந்தால்தான் புரியும் என்று நம்மில் பலபேர் ஒதுங்கிவிடுகிறோம். எனக்கு ஒரு நோட்டும் படிக்கத் தெரியாது. ஆனாலும் செக் நாட்டு இசைமேதை அண்டோனின் த்வோர்ஷாக்கின் இசை எனக்குப் பிடிபட்டது. அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு கேட்டால் உங்களுக்கும் பிடிபடும்.

1841 செப்டம்பர் 8-ஆம் தேதி, பிராக் நகருக்குப் பக்கத்தில் நெலஹோசெவெஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா கசாப்புக் கடையும் சத்திரமும் நடத்தியவர். ஊர் வழியாக ரயில் பாதை போடப்பட்டது இவருடைய சிறுவயதில்தான். அன்று பிடித்த ரயில் பைத்தியம் சாகும்வரை விடவில்லை! பெரிய மனிதரான பிறகும் பிராக் ஸ்டேஷனில் போய் நின்று எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். எந்த வண்டிக்கு எந்த நம்பர் எஞ்சின் என்பதெல்லாம் அத்துப்படி. மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் இவரைத் தங்கள் ஆள் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பிராக்கில் ஆர்கன் பள்ளியில் படித்து முடித்ததும் புகழ் வந்து கதவைத் தட்டிவிடவில்லை. வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவை வைத்துக்கொண்டு நாடகக் கொட்டகை வாத்தியக் குழுவில் சுமார் 9 வருஷம் உட்கார்ந்திருந்தார். பத்தாததற்குப் பிள்ளைகளுக்கு பியானோ டியூஷன். அப்புறம் ஏழைக் கலைஞர்களுக்கு ஆஸ்திரிய அரசு தந்த உதவித்தொகைக்கு மனுப் போட்டார். 1875-இல் 400 கில்டர் கிடைத்தது. ஸ்காலர்ஷிப் பணம் வந்த அன்று மனசு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன! அந்தத் தேர்வுக் குழுவில் இருந்த பிராம்ஸ் என்ற பெரிய இசைமேதை, 1877-இல் தன் பதிப்பாளர் சிம்ராக்கிடம் இவரைப் பற்றி எடுத்துச் சொன்னார். மறுவருஷம் வெளிவந்த ஸ்லாவோனிக் நடனங்கள் ஐரோப்பா முழுக்கப் பேரை வாங்கித் தந்தன.

ஆனால் அந்த இரண்டு மூன்று வருஷத்தில் வீட்டில் நடந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 1875-இல் பெண் குழந்தை ஒன்று பிறந்த இரண்டே நாளில் போய்விட்டது. 1877 ஆகஸ்டில் ஒரு வயதுகூட நிரம்பாத ரூசெனா பாஸ்பரஸ் கரைசலைக் குடித்து இறந்தாள். அடுத்த மாதம், சரியாக அப்பாவின் பிறந்தநாளன்று, மூன்று வயது ஒட்டாகர் அம்மையில் போனான். வீட்டில் ஒரு குழந்தைகூட மிஞ்சவில்லை. முதல் சாவுக்குப் பின் எழுத ஆரம்பித்துப் பாதியில் வைத்திருந்த ‘ஸ்டாபாட் மாட்டர்’ என்ற படைப்பை மறுபடி கையில் எடுத்து நவம்பரில் முடித்தார். சிலுவையடியில் நிற்கும் தாயின் துக்கம்தான் அதன் பொருள். ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும். நான் ஒரே மூச்சில் கேட்டது ஒரே ஒரு தடவைதான். மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை.

1892-இல் அமெரிக்கா அழைத்தது. நியூயார்க் தேசிய இசைக் கல்லூரிக்கு இயக்குநர் பதவி, வருஷத்துக்கு 15,000 டாலர் சம்பளம். கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. அங்கே படித்த ஹாரி பர்லீ என்ற கறுப்பின இளைஞர், அடிமைப்பட்டிருந்த தன் மக்களின் பக்திப் பாடல்களை இவருக்குப் பாடிக் காட்டினார். அமெரிக்க இசையின் எதிர்காலம் இந்தப் பாட்டுக்களின் மேல்தான் எழ வேண்டும் என்று 1893-இல் பத்திரிகையில் பகிரங்கமாகச் சொன்னார் த்வோர்ஷாக். அந்தக் காலத்தில் அதைச் சொல்ல நெஞ்சில் உரம் வேண்டும்.

அதே வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி கார்னகி அரங்கில் அவருடைய ஒன்பதாவது சிம்பொனி, ‘புதிய உலகிலிருந்து’, முழங்கியது. நாலு பாகம், சுமார் 40 நிமிஷம். முதன்முதலாகக் கேட்கிறவர்கள் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள். கார் ஆங்கிலே என்று ஒரு குழல், நம்ம நாகஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுவது. அது தனியாக ஒரு மெட்டை மெதுவாக வாசிக்கும். தூரதேசத்தில் இருக்கிறவன் வீட்டை நினைப்பது போல எனக்குப் படும். 1922-இல் அவர் மாணவர் ஒருவர் அந்த மெட்டுக்கு வரி எழுதிப் பாட்டாக்கினார். அதைக் கேட்டுவிட்டு, சிம்பொனியில் இருப்பதே ஒரு பழைய நாட்டுப்பாடல்தான் என்று பலபேர் நம்பிவிட்டார்கள். மெட்டு இவருடைய சொந்தச் சரக்கு!

நாலாம் பாகத்தின் ஆரம்பம் எனக்கு எப்போதும் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் எஞ்சின்தான். முதலில் நின்று நின்று, பிறகு வேகம் பிடித்து... அவர் அப்படி நினைத்து எழுதினாரா என்பது வேறு விஷயம், என் காதுக்கு அப்படி.

1895-இல் ஊர் திரும்பிவிட்டார். புறா வளர்த்தார், பாடம் சொல்லிக் கொடுத்தார், ஓபராக்கள் எழுதினார். 1904 மே 1-ஆம் தேதி பிராக்கில் காலமானார்.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அந்த முழு சிம்பொனியிலும் சிம்பல் என்ற பித்தளைத் தட்டு ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும், அதுவும் மெதுவாக. இடம் நாலாம் பாகம். நான் அதைப் பிடித்தது ஐந்தாவது தடவை கேட்கும்போது. நீங்கள் எத்தனையாவது தடவையில் பிடிக்கிறீர்கள் பார்ப்போம்!