தோண்டிப் பார்த்த கால்டுவெல்

சும்மா கிடந்த நிலத்தைத் திருத்தி, இந்த ஐப்பசி மழையோடு முதல் தோட்டம் போடலாம் என்று இருக்கிறீர்களா? முருங்கையோ, தென்னையோ, கொல்லாவோ, எதுவானாலும் சரி. கன்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போங்கள். அது ஏன் என்று சொல்வதற்கு, நம் பகுதியில் எல்லோரும் பெயர் அறிந்த ஒருவரின் வாழ்க்கையைத் துணைக்கு அழைக்கிறேன்.

அவர் ராபர்ட் கால்டுவெல். தமிழ் படித்தவர்களுக்கு, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர். சென்னைக்காரர்களுக்கு மெரினாவில் நிற்கும் சிலை. தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். மண்ணைப் படித்த எனக்கோ, மேலே தெரிவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் தோண்டிப் பார்த்த மனிதர்.

1814-ம் ஆண்டு மே 7 அன்று அயர்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோவில் படித்தார். சமயப் பணிக்காக 1838 ஜனவரியில் சென்னை வந்து இறங்கியபோது வயது 23. தமிழ் கற்றுக்கொண்டு, 1841-ல் நெல்லைச் சீமைக்குப் புறப்பட்டார். வண்டி, பல்லக்கு வசதி இருந்தும் நடந்தே வந்தார். காவிரிக் கரை, திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றி வந்ததில் வண்டல், செம்மண், மலை மண், கரிசல் எல்லாமே அவர் காலடியில் பட்டிருக்கும்.

கடைசியில் வந்து சேர்ந்த இடம் திசையன்விளைக்கு அருகே உள்ள இடையன்குடி. தேரிக்காட்டு மணல் பூமி. அந்த மணலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் கச்சான் காற்று ஆனி, ஆடியில் மணலை அள்ளி வீசும். ஊற்றிய தண்ணீர் நின்று பார்ப்பதற்குள் கீழே போய்விடும். இரும்புச் சத்தால் சிவந்த மண்தான். ஆனால் தழைச்சத்தும் மக்குப் பொருளும் மிகக் குறைவு. பனையும் உடையும் மட்டும் அசையாமல் நிற்கும்.

அங்கே கால்டுவெல் செய்த முதல் வேலைகள் கவனிக்கத் தக்கவை. நிலத்தைச் சமப்படுத்தினார். நேரான தெருக்களை வகுத்தார். கிணறுகள் தோண்ட வைத்தார். தெருவோரம் மரங்கள் நட்டார். 1844-ல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட் பாதிரியாரின் மகள். தமிழ் நன்றாகப் பேசுவார். பெண்களுக்குப் பள்ளியும் பின்னல் வேலையும் அந்த ஊருக்கு வந்தது அந்த அம்மையாரால்தான். 1847-ல் அடிக்கல் நாட்டிய ஆலயம் 1880-ல்தான் முழுமை பெற்றது. 33 ஆண்டுகள்! மணலில் எதையும் அவசரப்பட்டு எழுப்ப முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி கொற்கைக்கு வாருங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்கரும் அறிந்திருந்த ஊர். ஆனால் கால்டுவெல் பார்த்த கொற்கையில் கடலே இல்லை. வயலும் குளமும் உள்ள சிற்றூர். கடலோ பல கிலோமீட்டர் தள்ளி. இதுவா அந்தத் துறைமுகம் என்று யாருக்கும் சந்தேகம் வரும். 1870-களில் அவர் அங்கே ஆட்களை வைத்துத் தோண்டிப் பார்த்தார். முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. வயற்காட்டு மண்ணில் கடல் சிப்பிகள் கிடைத்தன. இன்று நெல்லும் வாழையும் விளையும் இடம் ஒரு காலத்தில் கடலோரமாக இருந்தது என்பதை மண்ணே காட்டிக்கொடுத்தது.

காரணம் தாமிரபரணி. வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு கொண்டுவந்த வண்டல் கரையில் படிந்து படிந்து கடலைத் தள்ளியது. கொற்கை தூர்ந்தது, துறை காயலுக்கு நகர்ந்தது. காயலும் தூர்ந்தது. பிற்காலத்தில் தூத்துக்குடி பெரிய துறைமுகமாயிற்று. 1881-ல் வெளியான திருநெல்வேலிச் சரித்திர நூலில் கால்டுவெல் இந்தப் பகுதியின் பழமையை விரிவாக எழுதினார்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் கடற்கரையில் மேல் மண் ஒன்று, அடி மண் வேறொன்று என்பதுதான். பழைய கடலோரத்தின் மேல் வண்டலும் மணலும் படிந்து உருவான நிலத்தில் அரையடி மண்ணை மட்டும் நம்ப முடியாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறால். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தக் கரையோரத்தில் ஒரு அண்ணாச்சி தன் முதல் முருங்கைத் தோட்டத்துக்கு யோசனை கேட்டார். மேல் மண்ணை அரையடிக்கு எடுத்துச் சோதித்தேன். உப்பு இல்லை, தாராளமாக நடலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் நகையை அடகு வைத்துக் குழாய் போட்டு நட்டார். முதல் ஆண்டு காய்ப்பு நன்றாக இருந்தது. அடுத்த கோடையில் இலை நுனி கருகி, வரிசை வரிசையாக மரங்கள் பட்டன. அதன் பிறகு தோண்டினோம். மூன்றடியில் சாம்பல் நிறக் களி, அதில் சிப்பி. நாக்கில் வைத்தால் கரித்தது. கோடையில் அந்த உப்புதான் மேலே ஏறியிருக்கிறது. முதலிலேயே மூன்றடி தோண்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அதனால் சொல்கிறேன். நிலத்தில் மேடு, பள்ளம், நடு என மூன்று இடங்களில் மூன்றடிக் குழி எடுங்கள். ஒவ்வொரு அடி மண்ணையும் தனித்தனியாக வையுங்கள். நிறம் எங்கே மாறுகிறது, சிப்பி, களி, பாறை, வெள்ளைப் பூப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் மறைந்தால் அது நீர் பிடிக்காத மணல். மறுநாளும் நின்றால் அடியில் களியோ பாறையோ இருக்கிறது; அங்கே மரப்பயிர் வேண்டாம், மேட்டுப்பாத்தியில் காய்கறி பாருங்கள்.

ஒவ்வொரு அடியிலிருந்தும் அரைக் கிலோ மண், கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டையும் மண் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுங்கள். தண்ணீரின் மின் கடத்தும் திறன் 1-க்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் உப்பு தாங்கும் பயிரைத் தவிர மற்றதை நினைக்காதீர்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியம் மிகுந்திருந்தால் மட்டுமே ஜிப்சம் பலன் தரும். வெறும் உப்புக்கு ஜிப்சம் போட்டால் பணம்தான் வீண். அதற்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும்.

சோதனையில் வெறும் மணல் என்று வந்தால் மனம் தளர வேண்டாம். உப்பைவிட மணலைத் திருத்துவது எளிது. வருவாய்த் துறை அனுமதி பெற்றுக் குளத்துக் கரம்பை மண் அடியுங்கள். கடலோரக் குளமென்றால் அதையும் உப்புக்குச் சோதித்த பிறகு அடியுங்கள். முடிந்தால் முதல் மழைக்குக் கன்று நடாமல் கொழிஞ்சி விதையுங்கள். ஏக்கருக்கு 8 கிலோ போதும். ஆடு மாடு கடிக்காது. வேலியில்லாத நிலத்துக்கு அதுவே பெரிய லாபம். 60 நாளில் பூக்கும்போது மடக்கி உழுங்கள். நிலத்தின் மேற்கு ஓரத்தில் காற்றுத் தடுப்புக்கு மரவரிசை இப்போதே நடுங்கள். இருக்கும் பனையை வெட்டாதீர்கள். பயிருக்கு அடுத்த புரட்டாசி வரட்டும்.

காத்திருக்க முடியாதவர்கள் குழியையாவது நன்றாகச் செய்யுங்கள். செடிமுருங்கைக்கு ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி. 15 கிலோ மக்கிய தொழு உரத்தை மேல் மண்ணோடு கலந்து நிரப்புங்கள். தென்னைக்கு மூன்றடிக் குழி; மணற்பாங்கில் அடியில் தேங்காய் மட்டையின் உட்புறம் மேலே பார்க்க அடுக்கினால் ஈரம் நிற்கும். மக்காத நார்க்கழிவு மட்டும் வேண்டாம். அது தழைச்சத்தைத் தான் இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பக்கத்து நிலத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். கால்டுவெல்லே சறுக்கியது இந்த இடத்தில்தான். பனைத் தொழில் செய்த மக்களைப் பற்றி 1849-ல் அவர் எழுதிய நூல் அவர்கள் மனதைப் புண்படுத்தியது. பின்னாளில் கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. மண்ணைத் தோண்டத் தெரிந்தவரும் மனிதர்களிடம் கேட்பதில் தவறலாம். எந்தக் கிணறு எந்த ஆண்டு உவர்த்தது, எந்தப் பள்ளத்தில் வெள்ளம் நின்றது என்பது எந்த ஆய்வுக்கூட அறிக்கையிலும் இருக்காது. அதை அறிந்தவர் உங்கள் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

கால்டுவெல் 1877-ல் பேராயர் ஆனார். 1883-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891-ம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். அவர் உடலை மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் மூன்று குழி எடுத்துவிடுங்கள். கன்றுக்காரரிடம் அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.