கண்டதை மறைக்காத அறிஞர்

கீழையூர் இரட்டைக் கோயிலும் கங்கைகொண்ட சோழபுரமும் செந்துறையைச் சேர்ந்த நமக்கு அந்நியமானவை அல்ல. ஆயினும், அந்தச் சோழர் கலையை ஆராய்வதையே தம் பணியாகக் கொண்ட ஓர் ஆங்கிலேயரை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். நம் நாட்டை விட்டுப் போன ஒரு நடராசர் திரும்பி வர வழி திறந்த அப்பெருமகனாரின் பெயர் டக்ளஸ் பாரெட்.

1917-ஆம் ஆண்டு பிறந்த பாரெட், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். அங்கே கொண்டு செல்லப்பட்டிருந்த நம் நாட்டு அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1954-இல் ஒரு நூல் எழுதினார். பின்னர் அவருடைய உள்ளம் சோழர் கலையில் தோய்ந்தது. 1965-இல் முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றிய அவரது நூல் பம்பாயில் வெளியாயிற்று. அந்நூலில் அவர் தெரிவித்த ஒரு செய்தி பலரைத் திடுக்கிடச் செய்தது.

கும்பகோணத்திற்கு அருகில் உள்ளது சிவபுரம். அங்கே 1951-இல் நிலத்தைத் தோண்டியபோது சில செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அழகிய நடராசர். அது கோயிலில் ஒப்படைக்கப்பட்டு, பிறகு பழுது பார்க்க வெளியே அனுப்பப்பட்டது. திரும்பி வந்ததோ அதைப் போலச் செய்த வேறொரு சிலை! ஊர் மக்கள் ஐயம் கொள்ளவில்லை. மாலை சூட்டி வழிபட்டு வந்தார்கள். கோயிலில் இருப்பது போலி என்றும், உண்மையான சிலை பம்பாயில் ஒரு தனியாரிடம் இருக்கிறது என்றும் பாரெட் எழுதினார்.

இதை எப்படிக் கண்டறிய முடியும் என்று தோழியர் கேட்கலாம். நம் ஸ்தபதிகள் முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். அது ஆறியதும் மண் அச்சை உடைத்துவிடுவார்கள். ஆகவே, ஓர் அச்சில் ஒரு சிலைதான் பிறக்கும். எவ்வளவு திறமையாகப் பார்த்துச் செய்தாலும் முகத்தின் சாயலிலும், விரல்களின் நெளிவிலும், அணிகளின் செதுக்கலிலும் வேறுபாடு இருந்தே தீரும். பழகிய கண்ணுக்கு அது புலப்பட்டுவிடும்.

பாரெட்டின் எழுத்து விசாரணைக்கு வித்திட்டது. ஆனால் அதற்குள் சிலை கைமாறிக் கடல் கடந்தது. 1973-இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அதை ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976-இல் உடன்பாடு ஏற்பட்டது: பத்து ஆண்டுகள் அங்கே காட்சிக்கு இருக்கும், பின்னர் இந்தியாவுக்குத் திரும்பும். அவ்வாறே 1986-இல் நடராசர் தாயகம் வந்தார். பாரெட் எழுதி இருபத்தோர் ஆண்டுகள் கழிந்திருந்தன!

பாரெட் 1969 முதல் 1977 வரை அருங்காட்சியகத்தின் கீழைநாட்டுத் தொல்பொருள் பிரிவுக்குத் தலைவராக விளங்கினார். 1974-இல் முற்காலச் சோழர் கட்டடக் கலையையும் சிற்பத்தையும் பற்றி மற்றொரு நூல் வெளியிட்டார். 1992-இல் மறைந்தார்.

அவர் காவல் அதிகாரி அல்லர்; வழக்கறிஞரும் அல்லர். வாய் திறவாமல் இருந்திருந்தால் அவருக்கு ஓர் இழப்பும் இல்லை. இருந்தும், தாம் கண்ட உண்மையை அச்சில் ஏற்றினார். அந்தச் சில வரிகள் இல்லையேல், சிவபுரத்து மக்கள் தாம் இழந்ததையே அறியாமல் இருந்திருப்பார்கள்.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் எண்ணிவிட வேண்டாம். நம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரும் களவு போய், 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் அவரை அடையாளம் காட்டின. 2014-இல் அவர் இந்தியா திரும்பினார். அன்று ஒருவர் எடுத்து வைத்த படம் இன்று சாட்சியாக நின்றது.

நம் ஊர்க் கோயிலாயினும், பழைய தேவாலயமாயினும், அங்கே உள்ளவை நம் முன்னோர் உழைப்பின் பயன். அவற்றை நின்று பார்ப்போம். பார்த்ததைக் குறித்து வைப்போம். மாற்றம் கண்டால் அஞ்சாமல் பெரியவர்களிடம் கூறுவோம். பாரெட்டின் வாழ்வு நமக்குக் காட்டும் வழி இதுவே.