வார்த்தின் கண்ட குடும்பம்

அறுத்தெடுத்த சதைத் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, இன்ன நோய் என்று சொல்வது நோய்க்குறியியல் அறிஞரின் தொழில். நோயாளி பேசுவதைக் கேட்க வேண்டிய தேவை அவருக்குப் பெரும்பாலும் நேர்வதில்லை. ஆயினும் 1895ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், அத்தகைய அறிஞர் ஒருவர் ஒரு தையற்காரப் பெண் சொன்னதைச் செவிகொடுத்துக் கேட்டார். தன் வீட்டாரில் மிகப் பலர் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து மாண்டனர் என்றும், தானும் அவ்வாறே இளமையில் போய்விடுவது உறுதி என்றும் அவள் சொன்னாள். அப்போது அவள் நலமாகத்தான் இருந்தாள். ஆனால் சொன்னபடியே நடந்தது. கருப்பைப் புற்றுநோய் கண்டு இளவயதிலேயே இறந்தாள்.

கேட்டவர் பெயர் ஆல்டிரெட் ஸ்காட் வார்த்தின். மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு இப்பெயர் புதிதன்று. உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் ஒருவகைக் கட்டிக்கும், மேகநோய்க் கிருமியைக் காட்டும் வெள்ளிச் சாயத்துக்கும், தட்டம்மையில் காணும் ஒருவகைப் பேரணுவுக்கும் அவர் பெயரே வழங்குகிறது. நானும் தேர்வுக்காக அப்பெயரை உருப்போட்டவன்தான். ஆனால் அவருடைய பெருமை அந்த மூன்றிலும் இல்லை, அந்தத் தையற்காரியின் பேச்சைக் குறித்து வைத்ததில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

1866ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்தியானா மாநிலத்து கிரீன்ஸ்பர்க் என்னும் ஊரில் வார்த்தின் பிறந்தார். இளமையில் இசையே அவர் நாட்டம். சின்சினாட்டி இசைக் கல்லூரியில் ஆசிரியப் பட்டயம் பெற்ற பிறகே அறிவியலுக்குத் திரும்பினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1891இல் மருத்துவப் பட்டமும் 1893இல் முனைவர் பட்டமும் பெற்று, அங்கேயே ஆசிரியராக அமர்ந்தார். 1903 முதல் இறக்கும்வரை நோய்க்குறியியல் துறையின் தலைவர் அவரே. முதல் உலகப் போரில் கடுகு வாயு செய்த கொடுமையைப் பற்றி 1919இல் வெல்லர் என்பவரோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். சாவின் கூத்து என்று ஐரோப்பியர் சொல்லும் பழைய ஓவியங்களைத் தேடிச் சேர்ப்பதில் அவருக்குத் தணியாத ஆசை. நாளெல்லாம் சாவை ஆராய்ந்தவருக்கு ஓய்வு நேரத்துத் துணையும் சாவே!

அந்தத் தையற்காரியின் குடும்பத்துக்கு அவர் இட்ட பெயர் ஜி குடும்பம். முன்னோர் ஜெர்மனியிலிருந்து மிச்சிகனில் வந்து குடியேறியவர்கள். ஆய்வுக்கூடத்துக்கு வந்த புற்றுகளோடு நோயாளிகளின் குடும்பச் செய்திகளையும் சேர்த்து ஆராய்ந்து, 1913இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இக்குடும்பத்தின் மரம் விரிகிறது. பாட்டனார் ஒருவரின் வழிவந்த 48 பேரில் 17 பேர் புற்றுநோயால் இறந்தோ, அறுவைக்கு உள்ளாகியோ இருந்தனர். கருப்பையும் வயிறுமே மிகுதியாகத் தாக்கப்பட்டிருந்தன. 1925இல் மீண்டும் ஒருமுறை அதே குடும்பத்தைப் பற்றி எழுதினார்.

இங்கே ஒன்று நினைத்துப் பார்க்கிறேன். நம் வீடுகளில் இந்நோயின் பெயரைச் சொல்லவே அஞ்சுவார்கள். தாத்தா வயிற்று வலியில் போனார், பெரியம்மா இரத்தப் போக்கில் போனாள் என்பதோடு பேச்சு நின்றுவிடும். பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடையாகுமே என்ற அச்சம் வேறு. வார்த்தினுக்குக் கிடைத்தது போன்ற மரத்தை நம்மில் எத்தனை பேர் வரைய முடியும்?

அந்த அச்சத்தை முற்றும் தவறென்று தள்ளவும் இயலவில்லை. அக்காலத்து அமெரிக்க அறிஞர் பலரைப் போலவே, தக்கவர்களே பிள்ளை பெற வேண்டும் என்ற இன மேம்பாட்டுக் கொள்கையின்பால் வார்த்தினும் சாய்ந்தவர். குடும்பத்தைக் காக்கத் தொடங்கிய ஆராய்ச்சி, குடும்பத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இடத்துக்கு வந்துவிட்டது. புற்றுக்குக் குடும்பம் காரணமா, அன்றி அந்த ஓர் உடம்புக்கு மட்டும் நேர்ந்த கேடா என்று பிரித்தறியும் வழி அவரிடம் இல்லை. 1931ஆம் ஆண்டு மே திங்களில், தம் 64ஆம் வயதில், அவர் மறைந்தார்.

1960களில் ஒமாகா நகரத்து ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இதே போன்ற வேறு குடும்பங்களைக் கண்டார். வார்த்தினின் பீடத்தில் பின்னாளில் அமர்ந்த ஜேம்ஸ் பிரெஞ்சு, ஜி குடும்பத்தின் ஏடுகளை அவரிடம் ஒப்படைத்தார். 1971இல் வெளிவந்த கணக்கில் அக்குடும்பத்தின் உறவினர் தொகை 650ஐத் தாண்டியிருந்தது. இப்போது வயிற்றுப் புற்று குறைந்து, பெருங்குடல் புற்றே முன்னுக்கு வந்திருந்தது.

அடுத்த திருப்பம் 1993, 1994ஆம் ஆண்டுகளில் வந்தது. உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. படியெடுக்கையில் நேரும் பிழைகளைத் திருத்த மெய்ப்புப் பார்ப்பவர் போன்ற மரபணுக்கள் உண்டு. அவற்றுள் எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 என்ற இரண்டும் அவ்வாண்டுகளில் கண்டறியப்பட்டன. அவை கெட்டால் பிழை மேல் பிழை ஏறிப் புற்று விளைகிறது. ஜி குடும்பத்தில் கெட்டிருந்தது எம்.எஸ்.எச்.2 என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. தையற்காரி பேசி நூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின்!

ஆனால் கதை அத்தோடு தீரவில்லை. பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 15இல் இந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கிறது. குடும்பவழி வந்தவை நூற்றுக்கு 3 அளவே. எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றின் எம்.எல்.எச்.1 மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தால் ஒரு பிழையும் இராது. ஆனால் மரபணு வாய் திறப்பதில்லை. காரணம் அதன் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. அங்கே குவானினை அடுத்து முன்னே நிற்கும் சைட்டோசின் எழுத்துகளின் மேல் மெத்தில் என்னும் சிறு தொகுதி அடர்ந்து ஒட்டியிருக்கும். ஏட்டில் எழுத்து அழியவில்லை. ஏட்டை அரக்கு வைத்து மூடிவிட்டார்கள் என்று கொள்ளலாம். உயிரணு பிரியும்போது அரக்கும் சேர்ந்தே படியெடுக்கப்படுகிறது. 1998இல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றணுக்களில் மெத்திலை நீக்கும் மருந்தை இட்டபோது, ஊமையாயிருந்த எம்.எல்.எச்.1 மீண்டும் பேசிற்று. இவ்வகைப் புற்று பெரும்பாலும் முதியோருக்கு வருவது.

வார்த்தினிடம் இல்லாத அந்தப் பிரித்தறியும் வழி இதுதான். புற்றில் எம்.எல்.எச்.1 புரதம் காணவில்லையென்றால், முதலில் மெத்தில் முத்திரை உண்டா என்று பார்க்கிறார்கள். இருந்தால், பெரும்பாலும் அது அந்த ஒருவரோடு முடிந்த கேடு. மக்கள் அஞ்ச வேண்டியதில்லை. முத்திரை இல்லையேல் இரத்தத்தில் மரபணுவைத் தேடுகிறார்கள். விதிவிலக்கும் உண்டு. சில குடும்பங்களில் எம்.எஸ்.எச்.2வுக்குப் பக்கத்து மரபணுவின் வால் அறுந்துபோயிருக்கிறது. அதன் விளைவாக எம்.எஸ்.எச்.2வின் வாயில் மெத்திலால் அடைபடுகிறது என்று 2009இல் கண்டார்கள். அங்கே அறுந்த வால் குடும்பச் சொத்து. அரக்கு அதன் விளைவு.

கெட்ட மரபணு ஒரு வீட்டில் உண்டு என்று தெரிந்தால், பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே அது வந்திருக்கும். மற்றவர்கள் இந்தக் கவலையிலிருந்து விடுபடுகிறார்கள். வந்தவர்களுக்கு 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கி, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடலுக்குள் குழாய்க் கருவி செலுத்திப் பார்க்கிறார்கள். முளை கண்டால் அது புற்றாகுமுன் அப்போதே கிள்ளி எடுக்கிறார்கள்.